மூன்றாவது பாட்டு

வியாசர்பாடி,
11.3.2001

அன்பு நண்பன் தீனாவுக்கு,

பீம்ராவ் எழுதுவது. ஜெய்பீம். இது உன் கைக்கு வரும்போது நீ எந்தக் கடலில் இருப்பாயோ தெரியாது. எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். இஞ்சின் ரூமில் நின்று அழுதுகொண்டே வேலை செய்யாதே, கைகால் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும்.

ஏஜென்ட் ஆபீஸில் இருந்து உன் கப்பலுக்கு இரண்டே வரியில் செய்தி போனதாகச் சொன்னார்கள். அம்மா போய்விட்டார்கள் என்பதை இரண்டு வரியில் படித்து யார் நம்புவார்கள்? அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் லாரி வந்தது. நான் எடுத்து வருகிறேன் என்று குழலி சொல்லியும் கேட்காமல் உன் அம்மாவே குடத்தோடு கீழே இறங்கியிருக்கிறார்கள். ரமாபாயம்மா யார் பேச்சைக் கேட்டார்கள், உனக்குத் தெரியாததா? திரும்பி ஏறும்போது இரண்டாவது மாடிப் படியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். குழலி ஓடிப்போய்ப் பிடித்தாள். “கொஞ்சம் மூச்சு வாங்குது, நீ கொடத்த எத்துக்கினு போ, நான் வரேன்” என்று சொன்னார்களாம். அவ்வளவுதான். டாக்டர் வந்து நெஞ்சு நின்றுவிட்டது என்றார். கஷ்டப்படவில்லை, தீனா. அதை மட்டும் நம்பு.

நீ வருவாயோ என்று மறுநாள் மதியம் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். நடுக்கடலில் இருக்கிறாய், கரை சேரவே பதினோரு நாள் ஆகும் என்று பதில் வந்த பிறகுதான் எடுத்தோம். புத்த வந்தனம் சொல்லி, மாலை போட்டு, எல்லாம் முறைப்படி நடந்தது. உன் பெரியப்பா மகன் உன் இடத்தில் நின்றார். மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் கூட்டம் குறையவே இல்லை. திருவொற்றியூரில் இருந்துகூட உன் அம்மாவோடு தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்த கிழவிகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

நான் கானா பாடினேன். பாடாமல் இருப்பேனா? எனக்கும் சோறு போட்ட கை அது. பாட்டு நல்லபடியாக அமைந்தது. அழாத ஆள் இல்லை. அதைப் பற்றி நீ வந்த பிறகு பேசிக்கொள்வோம்.

குழலிதான் ஒரு மாதிரியாக இருக்கிறாள். மாமியார் போன துக்கம்தான், வேறொன்றும் இருக்காது. நான் இரண்டு தடவை வீட்டுப் பக்கம் போனேன். இரண்டு தடவையும் உள்ளே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அந்த ஜப்பான் கேசட்டைப் பற்றி அவள் ஏதாவது எழுதினால் நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கேசட் பத்திரமாகத்தான் இருக்கிறது.

எண்ணூரில் புதுத் துறைமுகத்துக்குக் கரிக்கப்பல் வரப்போகிறது, ஆள் எடுப்பார்கள் என்று பேச்சு. “இவன் கரையிலயே ஒரு வேல பாத்துகினா தேவல” என்று உன் அம்மா சாகிற வாரம்கூட என்னிடம் சொன்னார்கள். விசாரித்து வைக்கிறேன்.

உன் மகள் யசோதராவுக்குக் கடைவாய்ப் பல் வருகிறது. மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

உன் துக்கத்தில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொள்ளும்
உன் உயிர் நண்பன்,
பீம்ராவ்

*

வியாசர்பாடி,
22.4.2001

தீனாவுக்கு,

பீம்ராவ்தான் மறுபடியும் எழுதுகிறேன். உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். போன கடிதத்துக்கு நீ எழுதிய பதில் போன வாரம் வந்தது. “நான் இல்லாத குறை தெரியாமல் நீ பாடி அம்மாவை அனுப்பிவைத்தாய், இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன்” என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் போன தடவை எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் எழுதினேன். மீதியை எழுத உட்கார்ந்து மூன்று தடவை கிழித்துப் போட்டேன். நீலா பார்த்துவிட்டு, “இன்னாய்யா, கட்டின பொண்டாட்டி எதிர்லயே லவ் லெட்டர் எழுதிகினு கீற?” என்று கேட்டாள். அப்படி ஏதாவது எழுதியிருந்தால்கூட இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது.

கேசட் கதையைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பகுதியில் இருந்தே ஆரம்பிக்கிறேன், அப்போதுதான் எனக்குத் தைரியம் வரும்.

கல்யாணத்துக்கு முந்தின பயணத்தில் நீ யோகோஹாமாவில் பழைய சாமான் கடையில் அதை வாங்கி வந்தாய். அட்டையில் ஒரே மாதிரி கவுன் போட்ட இரண்டு பெண்கள். ஜப்பானில் அந்தக் காலத்தில் இந்த ஜோடியைத் தெரியாத வீடு கிடையாது, எல்லாமே காதல் பாட்டு என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னாய். நாங்கள் எல்லாரும் உன்னை ஓட்டினோம். “பொண்ணு பாக்க போறவன் பூ வாங்கினு போவான், இவன் இன்னாடான்னா புரியாத பாட்டு வாங்கினு போறான்” என்று நான்தான் முதலில் சொன்னேன். ஆனால் குழலிக்குப் பிடித்துப்போய்விட்டது. அதிலும் முதல் பக்கத்தில் வரும் மூன்றாவது பாட்டு. ஒருத்தி ஆரம்பிப்பாள். அவள் மூச்சு விடுகிற இடத்தில் மற்றவள் மெதுவாக உள்ளே வருவாள். மழை நின்ற பிறகும் பாட்டில் வரும் பெண் குடையை மடக்க மாட்டாளாம், மடக்கினால் பக்கத்தில் நடக்கிறவன் தள்ளி நடப்பானே என்று. உன் கப்பலில் இருந்த ஜப்பான் இஞ்சினியர் அர்த்தம் சொன்னார், நீ குழலிக்குச் சொன்னாய், குழலி நீலாவுக்குச் சொன்னாள், நீலா எனக்குச் சொன்னாள்.

நீ கப்பல் ஏறிய பிறகு ஒவ்வொரு நாளும் சாயந்திரம் அந்தப் பாட்டு உன் வீட்டில் ஓடும். கீழே நிற்கிற எனக்கே கேட்கும். குழந்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆடும். உன் அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், “அவன் கொரல் கேக்கல, அவன் வாங்கினு வந்ததாவது கேக்குது” என்பார்கள்.

ஆகஸ்டில் டேப் சிக்கிக்கொண்டு அறுந்துவிட்டது. குழலி என்னிடம் கொடுத்தாள். “ண்ணா, பாத்து பண்ணுங்க, இது ஒண்ணு தான் கீது” என்றாள். நெயில் பாலிஷ் வைத்து ஒட்டிப் பென்சிலால் சுற்றினேன். அரை மணி நேர வேலை. மூன்று வாரம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். கேட்டபோதெல்லாம் இன்னும் சரியாகவில்லை என்றேன். மணலிக்கு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாக்மேனில் அந்த ஒரே பாட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டேன்.

நான் கானா பாடுகிறவன் என்றுதான் இந்த ஊருக்கு என்னைத் தெரியும். எனக்கு மெட்டுக் கட்ட வராது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். வார்த்தை வரும். எந்தச் சாவு வீட்டில் நிறுத்தினாலும் செத்தவர் பெயர், தொழில், குணம் எல்லாம் கோத்து அரை மணி நேரம் பாடுவேன். ஆனால் மெட்டு சினிமாவில் இருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அதில் ஒரு தப்பும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் பாடுகிறார்கள், கேட்கிறவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் எவனாவது ஒருத்தன் பின்னால் இருந்து அந்தப் படத்தின் பெயரைச் சொல்லிச் சிரிப்பான். எனக்கு அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

செப்டம்பரில் புளியந்தோப்பில் ஒரு பாக்சிங் வாத்தியார் இறந்தார். அங்கேதான் முதல் தடவை அந்த மூன்றாவது பாட்டின் மெட்டில் என் வார்த்தையைப் போட்டேன். ஒருத்தன்கூட எந்தப் படம் என்று சொல்லவில்லை. கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. எனக்கு டோலக் வாசிக்கும் வேலப்பன் பாட்டு முடிந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கி, “மாமு, இன்னா மெட்டு மாமு இது, யார் போட்டது?” என்று கேட்டான்.

நான்தான் என்றேன்.

ஒரு வார்த்தை, தீனா. ஜப்பான் கேசட் என்று சொல்லியிருந்தால் அவன் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பான். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு வரை யோசிக்கிறேன், வேறு காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆசை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அதற்குப் பெயரே ‘பீமு மெட்டு’ என்று ஆகிவிட்டது. காசிமேட்டில் பாடினார்கள், ராயபுரத்தில் பாடினார்கள், எனக்குத் தெரியாத பையன்கள் எல்லாம் பாடினார்கள். பாடைக்கு முன்னால் போகிற பேண்டு செட்டுக்காரர்கள் டிரம்பட்டில் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். பொங்கல் வருவதற்குள் எங்கே அது கேட்டாலும் யார் போயிட்டாங்க என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆனால் நம் பிளாக்கில் அந்த ஆறு மாதமும் சாவு விழவில்லை. குழலி காதுக்குப் போகாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். நம் பிளாக்கில் யாரும் சாகக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பாய். நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

அப்புறம் உன் அம்மா.

சத்தியமாக அன்றைக்கு வேறு மெட்டில்தான் ஆரம்பித்தேன். கூட்டத்தில் இருந்து, “பீமு மெட்டு போடு நைனா, அம்மாவுக்கு போடாம யாருக்கு போடுவ?” என்று குரல் வந்தது. வேலப்பன் தாளத்தை மாற்றிவிட்டான். குழலி உன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அப்போதே தெரியும். நிறுத்தியிருக்கலாம். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். பாடினேன்.

பாடியதோடு விட்டேனா? உன்னையும் இழுத்தேன்.

‘தண்ணிக் கொடம் எறக்கிவச்சி
தனியா எங்க போற தாயே,
தண்ணி மேல போன புள்ள
தேடி வந்தா இன்னா சொல்ல?’

அந்த இடத்தில் கூட்டம் வெடித்து அழுதது. கிழவிகள் மாரில் அடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தீனா. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பாதிக் கடிதம்தான். உன் அம்மா எதிரே படுத்திருக்கிறார்கள், நீ நடுக்கடலில் எங்கேயோ தவித்துக்கொண்டிருக்கிறாய், நான் இன்னொரு தடவை அதே வரியைப் பாடினால் இன்னும் அழுவார்கள் என்று கணக்குப் போட்டு இன்னொரு தடவை பாடினேன். தூ, நானும் ஒரு மனுஷன்!

குழலி அழவில்லை. முதல் வரியிலேயே நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள். பாட்டு முடியும் வரை வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருமகளுக்குத் தாங்கவில்லை பாவம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேண்டு செட்டுக்காரர்கள் மூலக்கொத்தளம் வரைக்கும் அதையேதான் வாசித்துக்கொண்டு வந்தார்கள். பாடை எடுக்கிற நேரத்தில் குழந்தையை யாரோ குழலியிடம் இருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே தெருமுனை வரை வந்தார்கள்.

மூன்று வாரம் கழித்துக் குழலியே நீலாவிடம் சொல்லி என்னை வரச் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். உட்காரச் சொன்னாள், டீ கொடுத்தாள். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு மூன்றாவது பாட்டை வைத்தாள். உன் மகள் சமையல்கட்டில் இருந்து ஓடி வந்தாள். ஆடப் போகிறாள் என்று நினைத்தேன். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு, “அய்யோ... அய்யோ...” என்று விளையாட ஆரம்பித்தாள். அழவில்லை. சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்டாள். இரண்டரை வயசுக் குழந்தை, தீனா.

குழலி கேசட்டை நிறுத்தினாள். “மெட்ட எட்த்துகினீங்க, அதுகூட பரவால்லண்ணா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குட்த்திருப்பேன். அந்த பாட்ட பொணத்து வூட்ல கொண்டுபோய் வச்சிட்டீங்களே” என்றாள். கேசட்டை எடுத்து உறையில் போட்டுக்கொண்டே, “அது ஓடினா அவுரு இந்த வூட்ல கீற மாதிரியே இருக்கும். இப்ப கேட்டா அவுருக்கு ஏதாச்சும் ஆயிட்ச்சோன்னு தோணுது. மத்த பாட்டுகூட போட முடில, மூணாவது வருமே, வருமேன்னு கீது” என்றாள். தீனாவுக்கு எழுதினாயா என்று கேட்டேன். “நான் எழுதினா கோள் சொன்ன மாதிரி ஆவும். உங்க தோஸ்து, நீங்களே எழுதுங்க” என்றாள்.

எழுதுவதற்கு முன்னால் ஏதாவது சரி செய்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன். ராயபுரத்தில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் என் பாட்டுகளை வெளியிடுவதாக இருந்தார். அட்டையில் என் போட்டோ, ‘இசை பீம்ராவ்’ என்று அச்சடிக்கக் கொடுத்திருந்தார். போய், அந்த மெட்டு என்னுடையது இல்லை, ஜப்பானில் இரண்டு பெண்கள் பாடியது, எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஜப்பான்காரன் ராயபுரம் வந்து கேக்கவா போறான்? போய் வேலய பாரு நைனா” என்றார். முதல் பாட்டே அதுதான், அது இல்லாவிட்டால் கேசட்டே இல்லை என்றார். இல்லாமலே போகட்டும் என்று வந்துவிட்டேன். இதை உன்னிடம் பெருமையாகச் சொல்லவில்லை. செய்ய வேண்டியதை ஏழு மாதம் கழித்துச் செய்தவனுக்குப் பெருமை என்ன வேண்டிக்கிடக்கு?

அதற்கடுத்த வாரம் கொருக்குப்பேட்டையில் ஒரு சாவு வீட்டில் மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொன்னேன். இது என் மெட்டு இல்லை, என் நண்பன் அவன் பெண்டாட்டிக்காக வாங்கி வந்த காதல் பாட்டு, நான் திருடிக்கொண்டேன், தயவுசெய்து யாரும் பாடாதீர்கள் என்றேன். ஒரு பெரியவர், எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்று கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். வேலப்பன் மட்டும் தட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டு டோலக்கை அவிழ்த்தான். நான் இறங்கி வந்த பிறகு வேறொருவன் மைக்கை வாங்கி அதே மெட்டில் ஆரம்பித்தான்.

அன்றைக்கே பாடுவதை விட்டுவிட்டேன். ஆனால் நான் விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? ஊர் வாயில் இருந்து அதை யாராலும் பிடுங்க முடியாது. நீ அடுத்த மாதம் இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் எந்தத் தெருவிலாவது அது உன் காதில் விழும். அதை நீ தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது, என் கையெழுத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ என்னிடம் பேசாமல் போனால் அது நியாயம். நாலு பேர் எதிரில் செருப்பைக் கழற்றினாலும் நின்று வாங்கிக்கொள்வேன். ஆனால் அம்மாவை நல்லபடியாக அனுப்பிவைத்தேன் என்று எனக்கு நன்றி மட்டும் இனிமேல் எழுதாதே. அது தாங்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கேட்க உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். இறங்குவதற்கு முன்னால் உன் கப்பல் ஒரு தடவை ஜப்பான் தொடும் என்று ஏஜென்ட் ஆபீஸில் சொன்னார்கள். அந்த இரண்டு பெண்களும் வேறு எத்தனையோ பாட்டுப் பாடியிருப்பார்கள். இந்தப் பாட்டு இல்லாத வேறு கேசட் ஒன்றைக் குழலிக்கு வாங்கி வா. குழந்தை மறுபடியும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆடட்டும்.

வாங்கினால் என்னிடம் சொல்லாதே. வீட்டில் போடும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொல். நான் கீழே தெருவில் நடக்கிறவன், என் காதில் அது விழ வேண்டாம்.

யசோதரா நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும். நீ பத்திரமாகக் கரை சேர்.

உன் நண்பன் என்று எழுதக் கை கூசும்
பீம்ராவ்